சனம் எழும்பி நிண்டது

சீட் பெல்ட்டைப் போடுங்கோ தம்பி. இஞ்சை அதைப் போடாட்டில் கார் கத்திக்கொண்டே வரும். சுருதிப் பெட்டியைப் பின்னுக்கு வைக்கலாமே? சரி, மடியிலையே வைச்சிருங்கோ. பாட்டுக்காரருக்கு அது பிள்ளை மாதிரி, எனக்கு விளங்கும்.

வீட்டை போய்ச் சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேலை எடுக்கும். வெள்ளி பின்னேரம், பாருங்கோ, றோட்டு அடைச்சுப்போய்க் கிடக்கு. ரொறன்ரோ எண்டால் இப்பிடித்தான். வீட்டுக்குக் கோல் எடுக்க வேணுமோ? இப்ப அங்கை எல்லாரும் நித்திரையாய் இருப்பினம். பிள்ளையளை எழுப்பாதேங்கோ. எங்கடை வீட்டை போய் ஆறுதலா எடுக்கலாம்.

வேறை ஆரையாவது அனுப்பியிருக்கலாம் தம்பி. எங்கடை ஊர் ஒன்றியத்திலை கார் ஓட ஆளில்லாமல் இல்லை. நான்தான் ஏத்த வேணும் எண்டு நிண்டனான். ஏனெண்டால் போன வருசம் வந்த பாட்டுக்காரியாலை எனக்கு வந்த மனவருத்தம் கொஞ்சநஞ்சமில்லை. நீங்கள் வந்து இறங்கின உடனை நாலு பேர் நாலு விதமாச் சொல்லுவினம். அவையள் சொல்ல முந்தி நானே சொல்லிவிடுறது நல்லது.

சுகிர்தா ரீச்சர் எண்டு பேர். எங்கடை ஊர்ப் பள்ளிக்கூடத்திலை சங்கீத ரீச்சர். பள்ளிக்கூடத்துக்கு ஒரு மண்டபம் கட்டிக் குடுக்கத்தான் ஒன்றியம் வருசா வருசம் இராப்போசனம் வைக்கிறது. எல்லாரும் இந்தியாவிலை இருந்து பாட்டுக்காரரைக் கூப்பிடுறாங்கள். நாங்கள் அந்தப் பள்ளிக்கூடத்து ரீச்சரையே கூப்பிடுவம் எண்டு யோசினை சொன்னது நான். விசாவுக்கு ஓடித்திரிஞ்சதும் நான். அந்தப் பிள்ளை அதுக்கு முந்திக் கொழும்புக்கு அங்காலை போனதில்லை. கலியாணமும் கட்டேல்லை. தாயும் தம்பியும் தானும். குரல் எண்டால் குரல் தம்பி, குறை சொல்லக்கூடாது. என்ரை மனிசி சமைக்கேக்கை தேவாரம் ஒண்டைச் சும்மா முணுமுணுப்பா ரீச்சர், மனிசி அகப்பையை வைச்சிட்டு நிப்பா.

வந்து இறங்கி, நீங்கள் இருக்கிற இதே சீற்றிலை இருந்து, வாய் திறந்து முதல் சொன்ன கதை என்ன தெரியுமே? "அண்ணை, இயக்கப் பாட்டு மட்டும் என்னைக் கேக்காதேங்கோ."

நான் கேக்கவேயில்லை. கேக்க முந்தியே எனக்கு மறுமொழி.

சண்டை நேரம் வந்த பாட்டுகள்தான். உங்களுக்கு நான் சொல்ல வேணுமே. அங்கை பாடினால் உள்ளுக்குப் போடுவாங்கள். இஞ்சை பாடாட்டில் சனம் எழும்பிப் போயிடும். நடுவிலை கிடந்து அவதிப்படுறது என்னை மாதிரி நிகழ்ச்சி வைக்கிறவன்.

அவ சொன்ன காரணம், அவவின்ரை தம்பி. நிமலன் எண்டு பேர். கடைசிச் சண்டை வரைக்கும் இயக்கத்திலை இருந்தவன். பிறகு பிடிபட்டு, தடுப்பிலை கிடந்து, வெளியிலை வந்து ஊரிலை இரும்பு ஒட்டுவேலைக் கடை வைச்சிருக்கிறான். கேற் செய்வான், யன்னல் கம்பி செய்வான். அப்பப்ப பொலிசுக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேணும். "நான் இஞ்சை வாய் திறந்தால் அவங்கள் அங்கை அவனைத்தான் அண்ணை பிடிப்பாங்கள். என்னைப் பிடிச்சாலும் பரவாயில்லை" எண்டா. நான் சொன்னன், "பிள்ளை, இது சனநாயக நாடு. இஞ்சை ஒருத்தரும் ஒருத்தரையும் கட்டாயப்படுத்துறதில்லை." அப்பிடித்தான் சொன்னனான். உங்களுக்கும் அதைத்தான் சொல்லுறன்.

ஆனால் ஒரு விசயம் இருக்கு. ரிக்கெட் வித்தது அதிலை ஒரு பாட்டை, சண்டையிலை போன பிள்ளையளுக்கு அஞ்சலி செய்யிற பாட்டைச் சொல்லித்தான். நான் நேர சொல்லேல்லை. "ரீச்சர் ஊரிலை இருந்து வாறா, மனம் குளிரப் பாடுவா" எண்டு மட்டும்தான் சொன்னனான். சனம் தங்கடை பாட்டுக்கு விளங்கிக்கொண்டுது. பிள்ளையார் பாட்டுக் கேக்க ஆர் தம்பி அந்தக் குளிருக்கை வெளிக்கிட்டு வரப்போகினம்?

அதாலை நான் அவவை நாலு வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனன். ஊராக்கள், கூப்பிடுகினம், போகாமல் இருக்கேலுமே? இஞ்சை எல்லா வீட்டிலையும் ஒரு படம் இருக்கும், மின்குமிழ் போட்டு. சண்டையிலை போன அண்ணன், தங்கச்சி, மகன். சாப்பிட்டு முடிய எல்லாரும் அந்தப் படத்தடியிலை இருந்து கேப்பினம். நான் கேக்கேல்லை. நான் கூட்டிக்கொண்டு போனது மட்டும்தான். அவவும் லேசுப்பட்ட ஆளில்லை. சிரிச்சுக்கொண்டு ஒரு முருகன் பாட்டைத் தொடங்கி, எல்லாற்றை கண்ணையும் கலங்க வைச்சிட்டு வெளிக்கிட்டிடுவா. எனக்கு உள்ளுக்குக் கோவம். வெளியிலை காட்டேல்லை.

கடைசியா பூரணம் அக்கா வீட்டை கூட்டிக்கொண்டு போனன். வயசு போன மனிசி, தனிய இருக்கிறா. மூத்த மகனும் இளைய மகளும் சண்டையிலை போனதுகள். புதைச்ச இடத்தையும் ஆமிக்காரங்கள் உழுது மட்டமாக்கிப் போட்டாங்கள், விளக்கு வைக்கவும் இடமில்லை. அந்தப் பிள்ளையளுக்கு அந்தப் பாட்டிலைதான் ஒரு அஞ்சலி. "பிள்ளை, ஒருக்காப் பாடன். என்ரை பிள்ளையளுக்கு ஆரும் கிட்ட இருந்து பாடி நான் கேக்கேல்லை" எண்டு மனிசி கேட்டுது. நான் நினைச்சன், இதோடை சரி, இனிக் கல்லும் கரையும் எண்டு.

ரீச்சர் மனிசியின்ரை கையைப் பிடிச்சா. பேந்து சொன்னா, "அம்மா, உங்கடை பிள்ளையள் போயிட்டினம். என்ரை தம்பி இருக்கிறான்."

அப்பிடி ஒரு தாயிட்டைச் சொல்லுற கதையோ இது? எனக்கு முகத்திலை அடிச்ச மாதிரி இருந்துது. ஆனால் பூரணம் அக்கா பிழையா எடுக்கேல்லை. தலையைத் தடவி, "அப்ப வேண்டாம் பிள்ளை. இருக்கிறவனைப் பார்" எண்டுட்டா. இளகின மனம், அந்த மனிசிக்கு எப்பவும் அப்பிடித்தான். இடியப்பமும் கட்டிக் குடுத்து விட்டவ.

காரிலை வரேக்கை ரீச்சர் சந்தோசமா வந்தா. "அண்ணை, இனி எனக்குப் பயமில்லை. அந்த அம்மாவே சொல்லிட்டா" எண்டா. நானும் ஓம் எண்டன். வேறை என்ன சொல்ல?

பிறகு எங்கடை வீட்டு நிலவறையிலை பயிற்சி. கீபோட் வாசிக்கிறது றெஜி. எங்கடை பொடியன்தான், கைராசிக்காரன். எந்தெந்தப் பாட்டு எண்டு ரீச்சரே ஒழுங்குபடுத்தினா. தேவாரம், முருகன் பாட்டு, கும்மி, தாலாட்டு. ஒரு குறையும் இல்லை. நான் றெஜியைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னன், "தாலாட்டு முடிய, நான் திரைக்குப் பக்கத்திலை நிண்டு கையைத் தூக்குவன். நீ அந்தப் பாட்டின்ரை முன்னிசையை எடு. மிச்சத்தைச் சனம் பாத்துக்கொள்ளும்." அவன் முதல் மாட்டன் எண்டான். பேந்து, அடுத்த வருசத்து நிகழ்ச்சிக்கு வேறை ஆள் பாப்பம் எண்டு சொல்ல, சரி எண்டுட்டான்.

ஏன் திரைக்குப் பக்கத்திலை எண்டு கேக்கிறியளோ? நான் மேடைக்கு ஏறுறதில்லை தம்பி. வருசம் தவறாமல் நல்லூர்த் திருவிழாவுக்குப் போறனான். ஊரிலை வீடும் கட்டிக்கொண்டிருக்கிறன். இந்தப் பாட்டு நடக்கிற மேடையிலை என்ரை முகம் இருந்தால், கட்டுநாயக்கா எயார்போட்டிலை மறிச்சு வைச்சுக் கேள்வி கேப்பாங்கள். எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். நாங்கள்தான் யோசிச்சு நடக்க வேணும்.

இஞ்சத்தைய பழக்கம் ஒண்டு உங்களுக்குத் தெரியாது. அந்தப் பாட்டின்ரை முன்னிசை கேட்டால் சனம் எழும்பி நிக்கும். ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையைத் துடைச்சுப்போட்டு எழும்பும். ஒருக்கா ஒரு பிறந்தநாள் விழாவிலை ஆரோ தவறிப்போய் அழுத்தி, கேக் வெட்டப் போன பிள்ளையும் கத்தியோடை நிண்டது. பாட்டு முடியுமட்டும் ஒருத்தரும் கதிரையிலை இருக்காயினம். அதுதான் எங்கடை சனத்தின்ரை பண்பு.

அண்டைக்கு மண்டபம் நிறைஞ்ச சனம். முன் வரிசையிலை நடுவிலை பூரணம் அக்காவை நான்தான் இருத்தினன். மடியிலை ரெண்டு பிள்ளையளின்ரை படமும். "படத்தைக் கொண்டு வாங்கோ அக்கா, பூப் போடுவம்" எண்டு சொல்லித்தான் கொண்டு வரப்பண்ணினன். ரீச்சர் நல்லாப் பாடிக்கொண்டு வந்தா. தாலாட்டு முடிய நல்ல கைதட்டல். நான் கையைத் தூக்கினன்.

றெஜி எடுத்தான். சனம் எழும்பி நிண்டது.

ரீச்சர் திரும்பி றெஜியைப் பாத்தா. அவன் தன்ரை கீபோட்டைப் பாத்துக்கொண்டு நிண்டான். அவ இல்லை எண்டு தலையை ஆட்டினா. அவன் முன்னிசையை முடிச்சிட்டுத் திருப்பி முதலிலை இருந்து எடுத்தான். நல்ல பொடியன். அவ மைக்கை விட்டுப் பின்னுக்குப் போகப் பாத்தா. அந்த நேரம் முன்னுக்குப் பூரணம் அக்கா படத்தோடை எழும்பி நிக்குது. முழங்கால் ஏலாத மனிசி. ரெண்டு பேர் பிடிச்சுக்கொண்டு நிக்கினம். பாட்டு முடியாமல் அந்த மனிசி இருக்காது. தொடங்காத பாட்டு எப்பிடி முடியும்?

ரீச்சர் என்னைத் தேடினா. எனக்குத் தெரிஞ்சுது, கண் என்னைத்தான் தேடுது எண்டு. நான் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி நிண்டன்.

மூண்டாம் தரம் றெஜி எடுக்க, பாடினா.

இதை நீங்கள் கவனிக்க வேணும் தம்பி. ஒருத்தரும் கழுத்தைப் பிடிச்சுப் பாட வைக்கேல்லை. தானாத்தான் பாடினா. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல். எல்லாச் சொல்லும் பாடமாத் தெரிஞ்சிருக்கு, பாருங்கோ. அப்ப இவ்வளவு நாளும் என்னத்துக்கு அந்த நடிப்பு?

அவவுக்குக் கூச்சமாய் இருக்கும் எண்டு நான் மண்டபத்து லைட்டை அணைக்கச் சொன்னன். நான் அவ்வளவுக்கு யோசிச்சனான். உடனை சனம் முழுக்க ஃபோன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடிச்சுது. என்ன வடிவு! வீடியோவிலை அவவின்ரை முகம் பகல் மாதிரித் தெரியுது.

பாட்டு முடிய அறிவிப்பாளர் நன்றி சொன்னார். நன்றியுரை நான் எழுதிக் குடுத்தது. எங்கடை முறைப்படி ஊர், தகப்பன்ரை பேர், படிப்பிக்கிற பள்ளிக்கூடம் எல்லாம் சொல்ல வேணும். இல்லாட்டில் ஆளை மதிக்கேல்லை எண்டு வரும். கடைசியா ஒரு வரி சேர்த்தனான், "தன் தம்பி நிமலனையும் போராட்டத்துக்குத் தந்த குடும்பத்துப் பிள்ளை" எண்டு. அதுக்குத்தான் பெரிய கைதட்டல். பூரணம் அக்கா மட்டும் தட்டேல்லை. படத்தைக் கையிலை வைச்சிருந்தவதானே, எப்பிடித் தட்டுறது?

வீட்டை வரேக்கை ரீச்சர் முக்காட்டைப் போட்டுக்கொண்டு இருந்தா. என்ரை மனிசி சோறு போட்டுக் கூப்பிட, பசிக்கேல்லை எண்டா. நான் நினைச்சன், பாட்டின்ரை உணர்ச்சி எண்டு.

அடுத்தநாள் காலமை ஒன்றியத்தின்ரை பக்கத்திலை வீடியோவைப் போட்டிட்டாங்கள். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு பாக்கிறன், எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. தொடக்கத்திலை திரைக்குப் பக்கத்திலை என்ரை கையும் அரைவாசி முகமும்! உடனை வீடியோக்காரனுக்கு ஃபோன் அடிச்சுக் கத்தினன். நல்ல மனிசன், தேத்தண்ணி ஆற முந்தி அந்த இடத்தை வெட்டிப்போட்டுத் திருப்பி ஏத்திவிட்டான்.

ரீச்சர் குசினி வாசலிலை நிண்டு எல்லாத்தையும் கேட்டிருக்கிறா. "அண்ணை, அப்ப என்னையும் வெட்டச் சொல்லுங்கோ" எண்டா.

"உங்களை வெட்டினால் பிறகு என்ன பிள்ளை மிச்சம் இருக்கும்?" எண்டு சிரிச்சன். அவவைப் புகழ்ந்துதான் சொன்னனான். அவ சிரிக்கேல்லை.

நான் கைவிடேல்லை தம்பி. "இருங்கோ பிள்ளை, திரும்பிப் போகாதேங்கோ, அகதி வழக்குப் போடுவம், இந்த வீடியோ ஒண்டே காணும்" எண்டு வழியும் சொன்னன். எத்தினை பேர் அதுக்கு ஏங்கிக்கொண்டு இருக்கினம்! "அம்மாவையும் தம்பியையும் அங்கை விட்டிட்டு நான் இஞ்சை ஆருக்குப் பாட?" எண்டு கேட்டிட்டுப் பெட்டியைக் கட்டினா. நல்லது சொன்னாலும் ஏறாது.

என்ன நடந்தது எண்டு கேளுங்கோவன். பெரிசா ஒண்டும் இல்லை. கொழும்பிலை மறிச்சு விசாரிச்சிட்டு அவவை விட்டிட்டாங்கள். விட்டாங்கள்தானே? நான் சொன்னன்தானே பயப்பிட ஒண்டும் இல்லை எண்டு. அடுத்த கிழமை கடையிலை வைச்சுத் தம்பியைக் கொண்டு போயிட்டாங்கள். ஆரோ ஒருத்தற்றை கேற்றை ஒட்டிக்கொண்டிருந்தவனாம். ஒட்டுறதுக்குப் போட்ட கண்ணாடியோடையே வாகனத்திலை ஏத்தினவங்களாம். இன்னும் விடேல்லை. அவன் முந்தியும் உள்ளை இருந்தவன்தானே, அவனுக்குப் பழக்கம். ரீச்சருக்கும் பள்ளிக்கூடத்திலை கரைச்சல் வந்து, வேலை இல்லை இப்ப. தாய்க்குப் பேச்சு நிண்டு போச்சாம். அது வயசும் தானே.

அதுக்குப் பிறகு எனக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினா. வீடியோவை எடுத்துவிடச் சொல்லி. அழவும் இல்லை, ஏசவும் இல்லை. "அண்ணை, வழக்கிலை அதைத்தான் காட்டுறாங்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கோ" எண்டு, அவ்வளவும்தான். நான் மறைக்கேல்லை, நிர்வாகக் கூட்டத்திலை எல்லாருக்கும் போட்டுக் காட்டினன். எல்லாரும் ஒருமிச்சு முடிவெடுத்தம், எடுக்கேலாது எண்டு. ஏனெண்டால் அது எங்கடை வரலாறு தம்பி. அவங்கள் அழிச்சது காணாதெண்டு நாங்களும் அழிக்கிறதே? அதை எடுத்துச் சொல்லி நான் ஒரு நீளமான மறுமொழியும் அனுப்பினன். கேட்டாவோ தெரியாது. என்ரை நம்பரை மறிச்சுப் போட்டா.

அதுதான் தம்பி என்ரை மனவருத்தம். விசா எடுத்துக் குடுத்தனான். என்ரை வீட்டிலை வைச்சுச் சோறு போட்டனான். உலகம் முழுக்க அவவின்ரை பேரைக் கொண்டு போய்ச் சேத்தனான். ஒரு நன்றி இல்லை.

ஆவணியிலை ஊரிலை பள்ளிக்கூட மண்டபம் திறந்தாச்சு. கல்லிலை என்ரை பேரையும் வெட்டியிருக்கிறாங்கள். அதிகாரியள் எல்லாம் வந்தவை, நானே மாலை போட்டன். அங்கை நான் அரசியல் கதைக்கிறதில்லை, கூடாது. பிள்ளையள் வரவேற்புப் பாட்டுப் பாடினதுகள். ஆர் பழக்கினது எண்டு கேட்டன், அதிபர் கதையை மாத்திட்டார். அப்ப விளங்கீட்டுது, ரீச்சர்தான் எண்டு. போற வழியிலைதான் ரீச்சரின்ரை வீடு. கேற் பூட்டிக் கிடந்தது, நல்ல வேலைப்பாடான கேற். நான் இறங்கேல்லை. ஆராவது பாத்தால் எனக்கும் கரைச்சல்.

பூரணம் அக்காவும் இப்ப எங்கடை நிகழ்ச்சிக்கு வாறதில்லை. கதவு தட்டினால் திறக்கிறாவும் இல்லை. "நான் வேண்டாம் எண்டு சொன்ன பிள்ளையை என்னை வைச்சே பிடிச்சுக் குடுத்திட்டாய்" எண்டு கதவுக்கு அங்காலை இருந்து சொன்னா. வயசு போனால் சொல்லுறதை எல்லாம் மனதிலை எடுக்கக்கூடாது. அவவின்ரை இடத்துக்கு வேறை ஒரு அம்மாவைக் கதைச்சு வைச்சிருக்கிறன். பாவம், மூண்டு பிள்ளையைக் குடுத்தவ. நாளைக்கு உங்களுக்கு அங்கைதான் மத்தியானச் சாப்பாடு.

என்ன தம்பி, முகம் வேர்த்திருக்கு, ஹீற்றரைக் குறைக்கட்டே? அந்தப் பெட்டியை ஏன் இப்பிடி இறுக்கிப் பிடிக்கிறியள்? உங்களை ஒருத்தரும் கட்டாயப்படுத்தப் போறதில்லை. தேவாரம் பாடுங்கோ, திருப்புகழ் பாடுங்கோ, உங்கடை விருப்பம். றெஜிதான் கீபோட்.

அந்தா, இந்த இறக்கத்தாலை இறங்கினால் எங்கடை வீடு. கார் நிக்க முந்தி ஒண்டு. நன்றியுரையை நான் இண்டைக்கே எழுதிக் குடுக்க வேணும். ஊர் தெரியும், தகப்பன்ரை பேரும் விசாப் பத்திரத்திலை பாத்தனான்.

சொல்லுங்கோ தம்பி, வீட்டிலை ஆர் ஆர் இருக்கினம்?